ரோஸ் நிறக் கொங்கிறீட்

1

சென்ற சனிக்கிழமை என் மகள் ஸப்னா தன் அறைச் சுவருக்கு ரோஸ் நிறம் பூச வேண்டும் என்றாள். நான் கத்திவிட்டேன்.

கத்துகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லைதான். லண்டனுக்கு வடக்கே இந்தச் சின்ன நகரத்தில் வருடக்கணக்காக வாடகை வீடுகளில் கிடந்து, வங்கிக்காரன் கேட்ட கடதாசியெல்லாம் கொடுத்து, என் பெயரில் எது என் பெயர், எது வாப்பாவின் பெயர் என்று அவனுக்குத் திரும்பத் திரும்ப விளங்கப்படுத்தி, கடைசியில் சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். சுவருக்கு என்ன நிறம் என்று நாமே தீர்மானிக்கலாம் என்பது எங்களுக்குப் புதுச் சந்தோஷம். மகள் பெயின்ட் கடையிலிருந்து நிற அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, அதில் ஒரு சதுரத்தைப் பென்சிலால் வட்டமிட்டு நீட்டினாள். நான் அதைப் பிடுங்கி மேசையில் எறிந்தேன்.

"இந்த வீட்டுக்கு எந்த நிறமும் வரலாம். இது மட்டும் வராது."

ஸப்னாவுக்குப் பத்து வயது. பசித்தால் தமிழ், கோபம் வந்தால் ஆங்கிலம். அன்று வந்தது முழுக்க ஆங்கிலம். படியேறிப் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள். என் மனைவி அடுப்படியில் நின்றபடியே, "நெருப்பு இஞ்சினியருக்கு இப்ப பெயின்டக் கண்டாலும் பயம்" என்றாள்.

அவளுக்குக் காரணம் தெரியும். மகளுக்குத் தெரியாது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் தெரியாது, ஏனென்றால் அதை நாங்கள் அவ்வளவு கவனமாக மறைத்தோம்.

2

ஊரில் யாராவது என் தொழிலைக் கேட்டால் உம்மா, "மகன் லண்டனில் நெருப்புக் கந்தோரில் வேலை" என்பார். நான் தீயணைக்கும் வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறேன் என்று நினைத்தவர்கள் உண்டு. அப்படிப் போயிருந்தால் தொப்பையாவது குறைந்திருக்கும். நான் இருப்பது கணினித் திரைக்கு முன்னால்.

கொங்கிறீட் எரியாது; ஆனால் சூடு அதற்குள் போகும். வீட்டுத் தட்டு ஒன்றை, அதாவது மேல்மாடிக்குத் தளமாகப் போடுகிற கொங்கிறீட்டை, குறுக்கே வெட்டினால் தெரிகிற முகத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, கீழ்ப்பக்கம் இவ்வளவு சூடு என்று கணினிக்குச் சொல்வோம். அது ஒரு சதுரத்திலிருந்து அடுத்த சதுரத்துக்குச் சூட்டைக் கடத்திக்கொண்டே போகும். எந்த நேரத்தில் உள்ளே இருக்கிற இரும்புக் கம்பி எவ்வளவு சூடு, பலம் எவ்வளவு மிச்சம், தட்டு எவ்வளவு தொய்யும் என்பதெல்லாம் இலக்கங்களாக வந்து விழும். அந்த இலக்கங்களை நம்பலாமா என்று பார்க்கப் பக்கத்துக் கட்டடத்தில் பெரிய உலை ஒன்று இருக்கிறது. உண்மையான தட்டை அதன்மேல் போட்டு, பாரம் ஏற்றி, கீழே நெருப்பு வைப்போம்.

கணினியின் குணம் ஒன்றுதான். எந்த நெருப்பைக் கொடுக்கிறோமோ அந்த நெருப்புக்குத்தான் பதில் சொல்லும். பொய் நெருப்பைக் கொடுத்தால் பொய்ப் பதிலைத் தசமத்தோடு அழகாகத் திருப்பித் தரும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் வழக்கமாகப் போடுகிற மணலும் கல்லும் சேர்ந்த கொங்கிறீட், முந்நூறு பாகை அளவு சூட்டைக் கண்டால் பெரும்பாலும் ரோஸாகும். ஆறினாலும் அந்த நிறம் போகாது. ரோஸ் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவு ஆழத்துக்கு அந்தக் கொங்கிறீட்டை நம்ப முடியாது. நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பது போல, எங்கள் தொழிலில் முதலில் பார்ப்பது அதைத்தான்.

3

என் மூத்த சகோதரியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். கல்முனை பஸாரில் அவளுடைய கணவருக்கு, என் மச்சானுக்கு, துணிக்கடை. கடைக்குமேல் கொங்கிறீட் தட்டுப் போட்டு, அதன்மேல் ஒரு வீடு. அந்த மேல்வீடு அவர்களின் ஒரே மகள் நஸீமாவுக்கு என்று, அவள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோதே கட்டியது. நம் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருவது. வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசப் போகிறவர் பாதி வழியிலேயே திரும்பி வர வேண்டியதுதான்.

அந்தத் தட்டுப் போட்ட நாளில் நானும் நின்றேன். எழுபதுகளின் கடைசி; நான் வெளிநாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம். அக்கம்பக்கத்து ஆண்களெல்லாம் வரிசையில் நின்று கொங்கிறீட் நிறைந்த தாச்சிச் சட்டியைக் கைக்குக் கை மாற்றினோம். மேலே நின்றவர்கள் கட்டிவைத்த கம்பியின்மேல் நடந்து நடந்து அதை அடிப்பலகையோடு ஒட்டும்படி அமுக்கினார்கள். "கம்பிய மிதிக்காதீங்கடா" என்று மேசன் கத்திக்கொண்டேயிருந்தார். யார் கேட்டது? பிளேன்டியும் பிஸ்கட்டும் வந்ததும் கத்தியவரும் கம்பியின்மேலேயே குந்திவிட்டார். அது வழவழப்பான உருண்டைக் கம்பி. அப்போது எங்கள் பக்கத்தில் கிடைத்தது அதுதான்.

எண்பதுகளின் நடுவில், ஊர் குழம்பியிருந்த ஒரு மாதத்தில், கீழே கடை எரிந்தது. யாரும் வைத்தார்களா, தானாகப் பிடித்ததா என்று ஊரில் நாலு கதை. நான் அதற்குள் போகப் போவதில்லை. உயிருக்குச் சேதமில்லை, எல்லோரும் பின்படியால் இறங்கி ஓடிவிட்டார்கள். துணிக்கட்டுகள் முழுதும் சாம்பல். தட்டு மட்டும் கருகிப்போய் நின்றது.

நஸீமாவின் கல்யாணம் அதற்கு முன்பே நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை றபீக், பக்கத்து ஊர் வாத்தியார். மச்சான் ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை. தட்டின் அடியில் சாந்து பூசி, வெள்ளையடித்து, பால்போல ஆக்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்து அண்ணாந்து பார்த்து, "மாஷா அல்லாஹ்" சொல்லிவிட்டுப் போனார்கள்.

4

இதையெல்லாம் எனக்குச் சொன்னது மச்சான்தான், ஒரு ட்ரங்க் கோலில், மிகுந்த சந்தோஷத்தோடு.

"மேல்வீட்டுலதான் மச்சான் களரி. ஆம்பிளையள் எல்லாரும் மேல. சகன் போட்டுத்தான் சாப்பாடு."

களரி என்றால் கல்யாண விருந்துக் கூட்டம். சகன் என்கிற பெரிய தாம்பாளம் ஒன்றைச் சுற்றி ஆறு பேர் தொடையோடு தொடை முட்ட உட்காருவார்கள். அவர்கள் முதுகோடு முதுகாக அடுத்த சகன். பாரம் என்று பார்த்தால் நம் ஊர்க் கல்யாணச் சாப்பாட்டைப் போன்ற கடும் சோதனை எங்கள் உலையிலும் நடப்பதில்லை.

"நெருப்பு எவ்வளவு நேரம் எரிஞ்ச மச்சான்?"

"என்ன எரிஞ்ச? இஷாவுக்குக் கொஞ்சம் முந்திப் புடிச்ச. பாங்கு செல்லி முடியக்குள்ள அணைச்சிட்டம்."

பின்னால் ராத்தாவின் குரல் கேட்டது. தொலைபேசி கை மாறியது. "அந்த மனிசன்ட கதையக் கேக்காத தம்பி. நான் மஃரிப் தொழுது சலாம் குடுத்துத் திரும்பினன், புகை. பள்ளிக்குப் போன ஆம்பிளையள் இஷா முடிச்சி வந்த நேரமும் எரிஞ்சிக்கிட்டுத்தான் இரிந்த."

மச்சானின் கால் மணி நேர நெருப்பு, ராத்தாவின் ஒன்றரை மணி நேர நெருப்பு, இரண்டையும் மறுநாள் கணினிக்குக் கொடுத்தேன். எங்கள் கந்தோரில் கணினியை ஒரு நிமிடம் தொட்டாலும் எந்த வேலைக்கு என்று ஓர் இலக்கம் எழுத வேண்டும். மருமகளின் கல்யாணத்துக்கு இலக்கம் இல்லை. 'பலதும் பத்தும்' என்ற கணக்கில் எழுதினேன். மேலதிகாரி ஏறிட்டுப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சதுரம் சதுரமாகச் சூடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பிக்குக் கீழே எத்தனை சதுரம் கொங்கிறீட் என்று எழுதும்போது, கம்பியைக் கீழே அமுக்கிய கால்கள்தான் ஞாபகம் வந்தன.

மச்சானின் நெருப்பில் வீடு நின்றது. ராத்தாவின் நெருப்பில் நிற்கவில்லை.

இரண்டில் எது என்று கணினி சொல்லாது. அடுத்த அழைப்புக் கிடைக்க நாட்கள் எடுத்தன. ஊரில் ஊரடங்கு, லைன் வெட்டு. கிடைத்ததும் ராத்தாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். சாந்து பூசுவதற்கு முன் அடிப்பக்கம் என்ன நிறம்?

"கரியக் கழுவினது நான்தானே. உள்ளுக்கு ரோஸ் தம்பி, நல்ல வடிவு. பிஞ்ச இடத்துல கம்பி தெரிஞ்ச. கம்பிக்கு மேலாலயும் ரோஸ்தான். ஏன்?"

அப்படியென்றால் ராத்தாவின் நெருப்புத்தான். மச்சானைக் கூப்பிடச் சொன்னேன். மேலே ஆட்களை ஏற்ற வேண்டாம் என்றேன்.

"வீடு பழுது எண்டு ஒரு சொல்லு வெளியால போனா மாப்பிள்ள வீட்டார் நிப்பாங்களா? நெருப்புல நிண்ட வீடு மச்சான் அது. நீ அங்க நெருப்பப் படிச்சிப்போட்டு என்ட மகள்ட வாழ்க்கைக்கு நெருப்பு வைக்காத."

தொலைபேசியை வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவரிடம் இல்லை. நான் சொன்னது பிழையானால் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் குழப்பியவன் ஆவேன். சரியாக இருந்து அவர்கள் கேட்காவிட்டால் அந்தக் களரியில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்பதை நினைக்கவே பயந்தேன்.

5

பிறகு நஸீமாவே பேசினாள். பஸாரில் ஒரு மருந்துக் கடையிலிருந்து, அழைப்புக் கூலி என் தலையில் விழும்படி. பேசத் தொடங்கிய விதத்திலேயே அவள் ராத்தாவின் மகள் என்று தெரிந்தது.

"மாமா, வாப்பா கேக்க மாட்டாரு. மேல ஆக்கள் இருக்காமச் செய்ய ஏலா. கீழ என்ன செய்யலாம் எண்டு செல்லுங்க."

"கீழ முட்டுக் குடுக்கலாம் மகள். கிட்டக் கிட்ட. ஆனா பாக்கிற ஆக்களுக்கு விளங்கிருமே?"

"பந்தல் போடுற தென்னங்குத்தி காணுமா?"

"தாராளமாக் காணும்."

"அப்ப அதுக்குத் துணி சுத்திரலாம். கலர்க் கடதாசி ஒட்டலாம். கீழ நடந்து வாற வழி எல்லாம் சோடின எண்டு நினைப்பாங்க. துணிக்கடக்காரன்ட மகள்ட கல்யாணம்தானே மாமா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எத்தனை குத்தி, எவ்வளவு இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் கீழே தடித்த பலகை, மேலே குறுக்குப் பலகை, இடையில் ஆப்பு என்று சொல்லிக்கொண்டு போனேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள்.

"ஆப்ப இறுக்கி அடிச்சிராதீங்க. தட்ட மேல தூக்கினா மேல்பக்கம் வெடிக்கும். முட்டிக்கிட்டு நிண்டாப் போதும். கையால சுத்தினாக் குத்தி மெல்லச் சுத்தணும். விளங்கிச்சா?"

"ஓம். கையால சுத்தினாச் சுத்தணும்."

"சகன எல்லாம் சுவரோரமா வைக்கச் செல்லு. நடுவுல ஆக்கள இருத்த வேணாம்."

"நடுவுல மாப்பிள்ளைட வாப்பா இருப்பாரு மாமா. அது மரியாத." அவள் குரல் முதல் தடவையாகத் தளர்ந்தது. "குத்தி தாங்கும்தானே?"

"இன்ஷா அல்லாஹ்" என்றேன். தொழிலில் நான் ஒருபோதும் சொல்லாத பதில் அது.

6

கல்யாண நாளன்று எனக்கு வேலை. முதல் நாள் உலையில் ஒரு தட்டைச் சுட்டிருந்தோம். பாரத்தோடு, குறித்த நேரம் முழுவதும் அது அசையாமல் நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். தட்டு பாஸ் என்று எழுதிவிட்டு, ஆறட்டும் என்று பாரத்தோடு விட்டுவிட்டுப் போயிருந்தோம்.

காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் தட்டு நடுவே முறிந்து உலைக்குள் கிடக்கிறது. நெருப்பில் நின்றது, ஆறின பிறகு விழுந்திருக்கிறது. கொங்கிறீட்டில் அப்படி ஒரு குணம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. சுட்ட கொங்கிறீட் ஆறும்போது காற்றின் ஈரத்தைக் குடித்து உள்ளுக்குள் வீங்கும். வெடிப்பு விரியும். கம்பியைப் பிடித்திருந்த பிடி நாளுக்கு நாள் தளரும். உருண்டைக் கம்பி என்றால் இன்னும் மோசம். தெரிந்திருந்தும், உடைந்த முகத்தில் கம்பிக்குமேல் ஏறியிருந்த ரோஸைக் கண்டதும் ராத்தா சொன்ன ரோஸ்தான் ஞாபகம் வந்தது.

மணியைப் பார்த்தேன். கல்முனையில் பகல் தாண்டியிருக்கும்; கல்யாணப் பதிவான காவின் எழுதி முடித்திருப்பார்கள். சகன் விரித்திருப்பார்கள்.

தொலைபேசிக்கு ஓடினேன். லைன் இல்லை என்றாள் தொலைபேசி நிலையத்துப் பெண். மறுபடியும் இல்லை என்றாள். அவசரமா என்று கேட்டாள். ஆம் என்றேன். யாருக்காவது சுகமில்லையா என்றாள். இல்லை, கல்யாணம் என்றேன். அவள் எனக்கு வாழ்த்துச் சொன்னாள். நான் நன்றி சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். அன்று தொழுகை நேரங்களில் மட்டுமல்ல, இடையிலும் தொழுதேன். என்ன கேட்டேன் என்று ஞாபகமில்லை. தென்னங்குத்திகளைப் பற்றித்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஒரு தந்தி வந்தது. கல்யாணம் நல்லபடி முடிந்தது, எல்லோரும் சுகம், பந்தல் சோடனையை எல்லோரும் புகழ்ந்தார்கள்.

7

லைன் சரியானதும் நஸீமா பேசினாள்.

"மாமா, இண்டைக்குப் பந்தல்காரனுகள் குத்தி எடுக்க வந்தானுகள். நான் முன்னால போய்த் துணியக் கழட்டிட்டு, கையால சுத்திப் பாத்தன்." மூச்சு வாங்கினாள். "சுத்துதில்ல மாமா. ஒண்டும் சுத்துதில்ல."

கல்யாணத்துக்கு முதல் நாள் எல்லாக் குத்திகளையும் அவள் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். அப்போது எல்லாம் சுற்றின. தட்டு இறங்கி வந்து அந்த மரங்களின்மேல் உட்கார்ந்துவிட்டது. முழுக் களரியையும் அன்று தாங்கியது தென்னங்குத்திகள்தான்.

"ஒருத்தன் ஆப்புக்குச் சுத்தியலால ஒண்டு போட்டான். மேலால சாந்து கொட்டிண்ட. இவரு பாத்திட்டாரு."

"ஆரு?"

"இவருதான். எல்லாரையும் வெளியால போகச் செல்லிட்டு, குத்திய விடுங்க எண்டாரு. மறுகா என்னக் கேட்டாரு. நான் எல்லாம் செல்லிட்டன் மாமா. இந்தா, கதைக்கப் போறாராம்."

றபீக்கோடு நான் அதுவரை பேசியதில்லை. என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். வாத்தியார் குரல், அமைதியாக இருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. குத்தி நிக்கும், மேல இனி ஆரும் ஏற மாட்டம். மழை விட்டுக் காய்ச்சல் காலம் வந்ததும் மேல்வீட்டையும் தட்டையும் உடைச்சி, கடைக்கு ஓடு போடுவம்." பிறகு, "ஒரு சொல்லு எனக்குச் செல்லியிருந்தா, நான் வாப்பாவ அதுக்கு மேல இருத்தியிருக்க மாட்டன். கல்யாணத்தையும் நிப்பாட்டியிருக்க மாட்டன்."

அவ்வளவுதான் சொன்னான். மச்சான் பயந்தார், நஸீமா பயந்தாள், நான் பயந்தேன். மூன்று பேரும் யாருக்குப் பயந்தோமோ, அவனிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றுவரை அவன் அதைத் தன் வீட்டாருக்குச் சொல்லவில்லை. சென்ற வருடம் அவன் வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகுதான், இனி எழுதலாம் என்று அனுமதி தந்தான்.

தட்டை உடைத்தபோது சுத்தியலுக்குப் பெரிதாக வேலை இருக்கவில்லையாம்; கையாலேயே கழன்று வந்ததாம். அதில் ஒரு துண்டை நஸீமா லண்டன் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். விமான நிலையத்தில் சுங்கக்காரன் இது என்ன என்று கேட்டதற்கு, அந்த மனிதர் "வீடு" என்று சொல்லிச் சமாளித்தாராம். வாடகை வீடுகளெல்லாம் மாறும்போது அந்தத் துண்டும் எங்களோடு வந்தது. இப்போது மாடி ஜன்னலோரத்தில் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் உலையில் தட்டு முறிந்த அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும்.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு, நேற்று ஸப்னாவின் கதவைத் தட்டினேன். அன்று கேட்காததைக் கேட்டேன்.

"ஏன் மகள் ரோஸ்?"

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஜன்னலோரத்துத் துண்டை எடுத்துவந்தாள். எறிந்த அட்டை அவளிடம்தான் இருந்தது. பென்சில் வட்டத்துக்குப் பக்கத்தில் துண்டைப் பிடித்தாள். இரண்டும் ஒரே நிறம்.

"இது நஸீமா மச்சிட வீடுதானே?" என்றாள். தமிழில்தான் சொன்னாள். "நம்மட ஊர்ல வீடெல்லாம் இந்தக் கலர் எண்டு நினைச்சன்."

இன்று காலை நாங்கள் பெயின்ட் வாங்கப் போனோம். கடைக்காரன் எந்த ரோஸ் என்று கேட்டான். மகள் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள்.